ஏழு வண்ணத்தில் ஒரு முகம்

டேவிட் போவியின் ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர்களுக்கும் அந்த முகம் தெரிந்திருக்கும். தீ மாதிரி சிவந்த தலைமுடி. மூடிய கண்கள். நெற்றியில் தொடங்கி, வலது கண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கன்னத்தில் இறங்கும் சிவப்பும் நீலமுமான மின்னல். காறை எலும்புக் குழியில் தேங்கி நிற்கும் ஒரு துளி. 1973 ஏப்ரலில் வெளியான 'அலாடின் சேன்' என்ற எல்.பி. ரெக்கார்டின் மேலட்டை அது. இன்றைக்கு டி-ஷர்ட், காபிக் கோப்பை, சுவரோவியம் என்று எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017இல் பிரிட்டிஷ் தபால்துறை அதைத் தபால்தலையாகவும் போட்டது.

இந்தப் படத்தைச் செய்தது யார் என்று கேட்டால் "போவிதான், வேற யாரு" என்று பதில் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் புகைப்படக்காரர் பிரையன் டஃபியின் பெயரைச் சொல்வார்கள். தோண்டிப் பார்த்தால் ஒரு பட்டறையே இருக்கிறது. மேக்கப்காரர் ஒருவர், ஏர்பிரஷ் பிடித்தவர் ஒருவர், வடிவமைப்பை நிர்வகித்த ஒரு பெண், பெயர் தெரியாத அச்சுத் தொழிலாளர்கள், இவர்கள் எல்லாருக்கும் பின்னால் காசை எப்படி அதிகமாகச் செலவழிக்கலாம் என்று கணக்குப் போட்ட ஒரு மேனேஜர். இந்தக் கடைசி ஆள்தான் கதையின் விசித்திரம்.

அட்டைக்குச் செலவு செய்வது என்ற எண்ணமே ரெக்கார்டு உலகத்தில் தாமதமாகத்தான் வந்தது. 78 ஆர்.பி.எம். காலத்தில் தட்டுகள் பழுப்புக் காகித உறையில் விற்கப்பட்டன. பல தட்டுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்குத்தான் 'ஆல்பம்' என்று பெயர், நம் கல்யாண ஆல்பம் போலவே புத்தகக் கட்டு. 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அந்தக் கட்டுகளின் மேல் படம் போடலாம் என்று ஆரம்பித்து வைத்தார். 1948இல் எல்.பி. வந்ததும் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகும் பெரும்பாலான பாப் அட்டைகள் பாடகரை நிறுத்திச் சிரிக்கச் சொல்லி எடுத்த படங்கள்தான். 1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' அட்டைக்குச் சுமார் 3,000 பவுண்டு செலவானபோது கம்பெனிக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அட்டையை ஜேன் ஹாவர்த்துடன் சேர்ந்து உருவாக்கிய ஓவியர் பீட்டர் பிளேக்குக்குக் கிடைத்தது 200 பவுண்டு. அட்டை செய்தவனுக்குப் பங்கு கிடையாது, கூலிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போவிக்கு அட்டையின் அருமை ஆரம்பத்திலேயே தெரியும். 1971இல் பிரிட்டனில் வந்த 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்' அட்டையில் மைக்கேல் ஃபிஷ் தைத்த நீளமான கவுன் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து கிடப்பார். அமெரிக்கக் கம்பெனி அந்தப் பக்கமே போகாமல் ஒரு கார்ட்டூன் படத்தை அட்டையில் போட்டது. அடுத்து 1972இன் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்'. அதன் படம் ஜனவரி மாதக் குளிரில் லண்டன் ஹெடன் தெருவில் பிரையன் வார்டு எடுத்தது, அதுவும் கருப்பு வெள்ளையில். அதற்கு நிறம் பூசியவர் டெரி பாஸ்டர். போவி போட்டிருக்கும் உடையின் நீலம் பாஸ்டரின் கைவண்ணம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கருப்பு வெள்ளைப் படத்துக்கு டச்சப் செய்து கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றுவார்களே, அந்த வேலையின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

'ஸிக்கி' ஓடியது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ராக் பாடகன் என்ற வேஷத்தில் போவி ஊர் ஊராகப் போனார். அந்தச் சிவப்பு முடிகூட, பெக்கன்ஹாமில் முடி வெட்டிக்கொண்டிருந்த சூசி ஃபஸி என்ற பெண் ஷ்வார்ஸ்காஃப் சாயம் போட்டுக் கொடுத்தது. 1972இன் கடைசி மாதங்களில் அமெரிக்கச் சுற்றுப்பயணம். போவிக்கு விமானம் என்றால் பயம். போவதும் வருவதும் கப்பலில்தான். போகிற வழியெல்லாம் பாட்டு எழுதினார். அதனாலேயே 'அலாடின் சேன்' தட்டின் லேபிளில் பெரும்பாலான பாட்டுகளுக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயர் இருக்கும்: டெட்ராய்ட், நியூ ஆர்லியன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ். பெயர்ப்பாட்டுக்கு மட்டும் ஊருக்குப் பதில் ஒரு கப்பலின் பெயர். ஸிக்கி அமெரிக்கா போன கதை என்று போவியே இந்தத் தட்டைப் பற்றிச் சொன்னதுண்டு.

தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது. 'அலாடின் சேன்' என்பதைப் பிரித்து வாசித்தால் 'எ லாட் இன்சேன்', அதாவது புத்தி பேதலித்த ஒரு பையன். போவியின் அண்ணன் முறையான ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்தவர். தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயம் போவியை வெகுகாலம் துரத்தியது. ஆக, நடுவில் பிளந்த முகம் என்பது வெறும் அலங்கார யோசனையாக இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பிளவு எப்படி வரையப்பட்டது என்ற கதையைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும்.

மேனேஜர் டோனி டிஃப்ரீஸ். சட்ட ஆபீசில் பழகி வந்தவர், சுருட்டுப் பிடிப்பவர், வாயைத் திறந்தால் கோடியில் பேசுபவர். போவியிடம் வருவதற்கு முன் லண்டன் ஃபாஷன் புகைப்படக்காரர்களுக்குச் சட்ட விஷயங்களில் உதவியவர் என்பதால் அந்த வட்டாரம் அவருக்கு அத்துப்படி. ஆர்.சி.ஏ. கம்பெனியிடம் போவியை ஒப்பந்தம் செய்தவர் இவர்தான். ஒரு பெரிய கம்பெனியில் பாடகர் நூற்றில் ஒருவர். விற்றால் விற்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடாமல் இருக்க என்ன செய்வது? கம்பெனியின் காசு நிறைய மாட்டிக்கொள்ள வேண்டும். போட்ட முதலை எடுக்க வேண்டுமே என்ற கவலையில் அவர்களே தெருத்தெருவாக விற்பார்கள். அதனால் டஃபியிடம் அவர் கேட்டது: இந்த அட்டை முடிந்த அளவு செலவு பிடிப்பதாக இருக்கட்டும்.

எந்தக் கைத்தொழில்காரனுக்கும் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிடைக்காத உத்தரவு இது.

டஃபி யார் என்று சொல்லியாக வேண்டும். 1933இல் லண்டனில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு, பிற்பாடு கேமராவுக்கு மாறி, 1957 முதல் 'வோக்' பத்திரிகைக்குப் படம் எடுத்தார். டேவிட் பெய்லி, டெரன்ஸ் டொனோவன், டஃபி ஆகிய மூவரும் அறுபதுகளின் லண்டன் ஃபாஷன் படங்களைத் தலைகீழாகப் புரட்டியவர்கள். மூத்த தலைமுறைப் புகைப்படக்காரர் நார்மன் பார்க்கின்சன் இவர்களுக்கு வைத்த பெயர் 'கருப்பு மும்மூர்த்திகள்'. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் தொழிலாக இருந்ததில் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் மூன்று பேர் செருப்புக் காலோடு நுழைந்த கதை அது. மூவரில் டஃபிக்கு நாக்கு நீளம், கோபம் அதிகம், படிப்பும் அதிகம். நாவலாசிரியர் லென் டெய்ட்டனுடன் சேர்ந்து சினிமா தயாரிப்பில்கூட இறங்கிப் பார்த்தார்.

எழுபதுகளில் அவருக்குச் சோறு போட்டது விளம்பரம். 1973ஆம் ஆண்டுக்கான பைரெல்லி காலண்டர் இவர் எடுத்தது. அதற்கு ஓவியர் ஆலன் ஜோன்ஸ் கற்பனை கொடுக்க, டஃபி படம் எடுக்க, பிலிப் காசில் என்பவர் அதன்மேல் ஏர்பிரஷ் ஓட்டினார். இந்த காசில்தான் ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படப் போஸ்டரை வரைந்தவர். புகைப்படமா ஓவியமா என்று சொல்ல முடியாத ஒரு பளபளப்பு இந்தக் கூட்டணியில் உருவாகியிருந்தது. போவியின் அட்டையைப் புரிந்துகொள்ள இந்த டயர் கம்பெனி காலண்டரை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். ராக் இசை வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1973 ஜனவரி. வடக்கு லண்டனில் டஃபியின் ஸ்டூடியோ. போவி வந்தார், மேக்கப்புக்கு பியர் லரோஷ் வந்தார். லரோஷ் எலிசபெத் ஆர்டன் கம்பெனியில் வேலை பார்த்து வெளியே வந்தவர். பின்னாளில் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' சினிமாவின் மேக்கப்பும் இவர் கைவேலைதான். போவிக்கு மின்னல் மேல் ஒரு கண் இருந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் மோதிரத்தில் 'டி.சி.பி.' என்ற மூன்றெழுத்தும் ஒரு மின்னலும் இருக்கும். எல்விஸும் ஆர்.சி.ஏ. பாடகர். இருவருக்கும் பிறந்தநாளும் ஒன்றே, ஜனவரி 8. அந்த மோகம் போவிக்குக் கடைசிவரை போகவில்லை.

சரி, மின்னல் எந்த வடிவில்? ஸ்டூடியோவில் ஒரு நேஷனல் பானாசோனிக் அரிசி குக்கர் இருந்தது. அதில் மின்னல் மாதிரி ஒரு கம்பெனி முத்திரை. ஆமாம், சோறு வடிக்கிற குக்கர்தான்! அதைப் பார்த்துத்தான் வரைந்தது என்று டஃபி தரப்பில் சொல்கிறார்கள். முதலில் லரோஷ் கன்னத்தில் சின்னதாக ஒன்று போட்டிருக்கிறார். டஃபி அதைப் பார்த்துவிட்டு, அவருக்கே உரிய வசவுச் சொல்லோடு, "இப்படி இல்லை, இப்படி" என்று முகத்தின் குறுக்கே பெரிதாகத் தானே கோடு இழுத்து, இதை நிரப்பு என்று லரோஷிடம் விட்டார். லரோஷ் நிரப்பி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்ததாம். சிவப்பு அப்படிப் பளபளப்பது லிப்ஸ்டிக் என்பதால்.

போவி பின்னாளில் சொன்னது வேறு மாதிரி. விளக்கிலிருந்து வரும் பூதம் என்பதற்குப் பதில் மின்சாரத்தால் பிளந்த பையன் என்று தானே யோசித்ததாகச் சொன்னார். மின்னல் தன்னுடையது, அந்தத் துளி டஃபியுடையது என்று பாகப்பிரிவினையும் செய்தார். யாரை நம்புவது? என்னைக் கேட்டால் இரண்டும் பொருந்தக்கூடியவைதான். மின்னல் வேண்டும் என்று ஒருவர் வந்தார், அது எவ்வளவு பெரிது, எங்கே விழ வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்தார். கன்னத்தில் ஒரு சின்ன மின்னலோடு அந்தப் படம் வந்திருந்தால் இன்றைக்கு நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அளவுதான் இங்கே எல்லாம். அந்த அளவு டஃபியின் கையிலிருந்து வந்தது.

எடுத்தது ஹாசல்பிளாட் கேமராவில். அதன் ஃபிலிமில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரங்கள், எல்.பி. அட்டையும் சதுரம். ஓரம் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. காண்டாக்ட் ஷீட்டைப் பார்த்தால் போவி சில படங்களில் நேராகக் கேமராவைப் பார்க்கிறார், சிலவற்றில் கீழே பார்க்கிறார். தேர்ந்தெடுத்தது கண் மூடிய படம். பாப் பாடகரின் அட்டையில் கண் மூடிய முகமா? ரசிகனைக் கண்ணோடு கண் பார்ப்பதுதானே வியாபாரம்! அதுவும் போவியின் கண்கள் பிரசித்தமானவை. 1962இல் பள்ளித் தோழன் ஜார்ஜ் அண்டர்வுட் ஒரு பெண் விஷயமாக விட்ட குத்தில் இடது கண்ணின் பாப்பா விரிந்தது விரிந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு கண்ணும் இரண்டு நிறம் மாதிரித் தெரியும். (இந்த அண்டர்வுட் கடைசிவரை போவியின் நண்பராகவே இருந்தார், அட்டை வேலைகளும் செய்து கொடுத்தார். ஸிக்கிக்கு நிறம் பூசிய பாஸ்டர் இவருடைய கூட்டாளி.) அப்படிப்பட்ட கண்களை மூடிவிட்டு, பார்க்கிறவனைத் தயக்கமில்லாமல் உற்றுப் பார்க்க விட்டுவிட்டார்கள். செத்தவன் முகத்தில் பதித்து எடுத்த அச்சு மாதிரி ஒரு அமைதி அதில் வந்துவிட்டது.

பிறகு வேலை பிலிப் காசிலிடம் போனது. காறை எலும்புக் குழியில் அந்தத் துளியை ஏர்பிரஷால் உருவாக்கினார். கண்ணீரா, பாதரசமா, உருகிய ஏதோ ஒன்றா என்று சொல்ல முடியாதபடி. தோலுக்கு ஒரு வெள்ளி மினுமினுப்பைக் கொடுத்தார். அட்டையைத் திறந்தால் உள்ளே முழு உருவம், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு வெள்ளி உடம்பு. இந்த வேலைகளையெல்லாம் ஒருங்கிணைத்துக் கொண்டுபோனவர், டஃபியோடு சேர்ந்து வடிவமைப்பு நிறுவனம் நடத்திய சீலியா ஃபைலோ. அந்த நாள் ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவதில் கணிசமான பங்கு அவருடைய நினைவுகளிலிருந்து வந்தது.

இனி அச்சு. என்னைப் பொறுத்தவரை கதையின் உச்சம் இதுதான்.

சாதாரண வண்ண அச்சு நான்கு மையில் நடக்கும். நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு. வாரப்பத்திரிகை அட்டை, தினசரிக் காலண்டர் எல்லாம் இந்த நாலுக்குள் அடக்கம். சின்னச் சின்னப் புள்ளிகளாக இந்த நாலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து நம் கண்ணை ஏமாற்றும். ஆனால் நாலு மையால் எட்ட முடியாத நிறங்கள் உண்டு. ஜொலிக்கிற சிவப்பு, தோலில் ஓடும் ரோஜாவும் ஊதாவும், வெள்ளியின் சாம்பல். டஃபி இரண்டு அடுக்காகச் செலவு வைத்தார்.

முதல் அடுக்கு, கோடாக்கின் டை டிரான்ஸ்ஃபர் பிரதி. எடுத்த வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று தனி நெகட்டிவாகப் பிரிப்பார்கள். அவற்றிலிருந்து மூன்று ஜெலட்டின் தகடுகள் தயாராகும். படத்தில் எங்கே நிறம் அடர்த்தியோ அங்கே ஜெலட்டின் தடிமனாக இருக்கும், அதனால் அதிகச் சாயம் குடிக்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய சாயத்தில் ஊறவைத்து, ஒரே காகிதத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழை விலகாமல் அழுத்த வேண்டும். பழைய மரக்கட்டை அச்சில் சேலைக்கு ஒவ்வொரு நிறமாக ஒற்றி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். முழுக்கக் கைவேலை, ஒரு பிரதிக்கு நாள்கணக்கில் ஆகும். பதிலாகக் கிடைப்பது ஆழமான, வெளிறாத நிறம். அதன்மேல் ஏர்பிரஷ் வேலையும் ஒட்டினாற்போல் உட்காரும். 1990களில் கோடாக் இதற்கான பொருட்கள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. இன்றைக்கு இந்த வித்தை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இரண்டாவது அடுக்கு, அச்சுத் தகடுகள். வேலையை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஸூரிச்சில் கொன்ஸெட் உண்ட் ஹூபர் என்ற அச்சகத்தில் நான்குக்குப் பதில் ஏழு வண்ணத்தில் பிரித்துத் தகடு செய்தார்கள். ஏழு வண்ணம் என்றால் ஏழு தகடு, ஏழு மை, ஏழு முறை ஒரே இடத்தில் பொருந்தி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் லிப்ஸ்டிக் ஓரத்தில் பேய் மாதிரி ஒரு நிழல் விழும். பாப் ரெக்கார்டு அட்டைக்கு அதுவரை கேள்விப்படாத ஆடம்பரம். டிஃப்ரீஸ் கேட்டபடியே பில் எகிறியது. கம்பெனிக்காரர்களும் அவர் நினைத்தபடியே ஓடியாடி விற்றார்கள். பிரிட்டனில் தட்டு முதலிடத்துக்குப் போனது. அமெரிக்காவில் பதினேழாம் இடம்.

யோசித்துப் பார்த்தால் விநோதமாக இருக்கிறது. செலவு செய்வதற்காகவே செய்த செலவு, பார்க்கிற கண்ணுக்கு நிஜமாகவே தெரிகிறது. முதல் பதிப்பு அட்டையையும் பிற்காலத்து சி.டி. அட்டையையும் பக்கத்தில் வைத்தால் பழையதில் முகம் உள்ளிருந்து ஒளி விடுகிற மாதிரி இருக்கும். புதியதில் அது ஒரு முகம், அவ்வளவுதான். மேனேஜரின் நோக்கம் வியாபாரத் தந்திரம். அந்தத் தந்திரத்தின் காசில் டஃபி, தான் விரும்பிய உச்சமான அச்சைச் செய்து பார்த்துக்கொண்டார்.

இன்னொரு விநோதம், போவி அந்த மின்னலைப் போட்டுக்கொண்டு மேடையில் பாடவில்லை. நெற்றியில் தங்கநிற வட்டம் ஒன்று வைத்துக்கொண்டு வருவார். மின்னல் பின்திரையில் தொங்கியது. இன்றைக்கும் போவியாக வேஷம் கட்டுகிற எவரும் முதலில் வரைந்துகொள்வது அந்த மின்னலைத்தான். அது ஒரு நாள், ஒரு ஸ்டூடியோவில், சில சுருள் ஃபிலிமுக்காக மட்டும் இருந்த முகம். 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் ஸிக்கி வேஷத்தையே போவி மேடையில் அறிவித்துக் கலைத்துவிட்டார்.

டிஃப்ரீஸின் கணக்கு போவிக்கே திரும்பி வந்தது. வருமானத்தில் பாதி மேனேஜருக்கு, மீதிப் பாதியிலிருந்து ஆடம்பரச் செலவெல்லாம் தனக்கு என்பது போவிக்குப் புரிய சில வருடம் ஆனது. 1975இல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் 1982 வரை போவியின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு டிஃப்ரீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய தட்டுகளில் அவருக்கிருந்த உரிமையை வாங்கி முடிக்க, 1997இல் போவி தன் பாட்டு வருமானத்தை அடகு வைக்கிற மாதிரி கடன்பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. அலாடின் விளக்கைத் தேய்த்தவன் யார், பூதம் யார் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

டஃபியும் போவியும் மொத்தம் ஐந்து முறை சேர்ந்து வேலை செய்தார்கள். 1979இன் 'லாட்ஜர்' அட்டைக்கு எடுத்தது ஏழு வண்ண ஆடம்பரத்துக்கு நேர் எதிர். போவி விபத்தில் விழுந்து கிடப்பவர் மாதிரி படுத்திருப்பார். நைலான் நூலால் மூக்கையும் முகத்தையும் இழுத்துக் கோணலாக்கி, மேலிருந்து எடுத்தார்கள். பெரிய கேமராவில் எடுத்த துல்லியமான படங்கள் இருந்தும் அட்டைக்குப் போனது மங்கலான ஒரு போலராய்டு. ஓவியர் டெரிக் பாஷியர் வடிவமைத்தது அது. 1980இல் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்'. நடாஷா கோர்னிலாஃப் தைத்த கோமாளி உடையில் போவியை டஃபி எடுத்தார். ஆனால் அட்டையில் எட்வர்ட் பெல் என்ற ஓவியரின் சித்திரம் முன்னால் நிற்க, டஃபியின் படம் நிழல் மாதிரிப் பின்னால் போயிற்று. டஃபிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காதது நியாயமும்கூட. 1973இல் தன் படத்தின் மேல் காசில் தூரிகை ஓட்டியபோது பட்டறையின் தலைவன் டஃபி. 1980இல் பட்டறை வேறொருவருடையது.

இதற்கு ஒரு வருடம் முன்பே அவர் தீ வைத்துவிட்டிருந்தார். சும்மா சொல்லவில்லை, நிஜத் தீ. 1979இல் ஒருநாள் காலை உதவியாளர் வந்து, கழிப்பறைக் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொன்னாராம். இந்த ஸ்டூடியோவில் இனி கழிப்பறைக் காகிதம் வரைக்கும் தான்தான் முடிவெடுக்க வேண்டும், தன் வாழ்க்கை இங்கே வந்து நின்றுவிட்டது என்று டஃபிக்குத் தோன்றியது. நெகட்டிவ்களைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துவந்து கொளுத்த ஆரம்பித்தார். ஃபிலிம் லேசில் எரியாது, கரும்புகை கிளம்பும், நாற்றம் வரும். அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, நகராட்சியிலிருந்து ஆள் வந்து நிறுத்தச் சொன்னார். அந்த ஆளுக்கு இருபது வருட லண்டன் வரலாறு ஒன்று அங்கே எரிந்துகொண்டிருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. புகைத் தொல்லைக்கு வந்த ஒரு சாதாரண அரசு ஊழியர். அவர் தயவில் மிஞ்சியதுதான் இன்று டஃபியின் சேகரிப்பு.

எதற்காகக் கொளுத்தினார்? விளம்பர உலகத்தின் மேல் வெறுப்பு என்பார்கள். சிகரெட்டையும் சாராயத்தையும் அழகாகக் காட்டி அலுத்துப்போனவர் என்பதும் உண்மை. நான் இதைக் கூலிக்காரனின் கோபமாகவும் பார்க்கிறேன். இருபது வருடம் மற்றவர்கள் விற்க வேண்டியதைச் செய்து கொடுத்தவன், அதில் தன்னுடையது என்று கையில் மிஞ்சியதைத் தானே அழிக்கப் போனான். சீக்கிரமே புகைப்படத் தொழிலை அறவே விட்டுவிட்டுப் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். அதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

மிச்சத்தைத் தேடிச் சேர்த்தவர் மகன் கிறிஸ் டஃபி. இளவயதில் அப்பாவின் ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தவர், தானும் புகைப்படக்காரர். பெட்டிகளில் கிடந்தவை, பத்திரிகை அலுவலகங்களில் தங்கிப்போனவை என்று வருடக்கணக்கில் தேடி ஒன்றுசேர்த்தார். 2009இல் லண்டனில் முதல் கண்காட்சி நடந்தபோது டஃபி உயிரோடு இருந்தார். மறுவருடம் ஜனவரியில் பி.பி.சி. அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. 2010 மே 31 அன்று காலமானார்.

தீக்குத் தப்பியவற்றில் 'அலாடின் சேன்' படச்சுருளும் இருந்தது. 2013இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் போவியைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடந்தபோது, விளம்பரத்துக்கு அந்தச் சுருளிலிருந்தே ஒரு படத்தை எடுத்துப் போட்டார்கள். அட்டைக்குத் தேர்வாகாத படம். அதே சிவப்பு முடி, லரோஷ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய அதே லிப்ஸ்டிக் மின்னல். காசிலின் கை படாததால் துளி இல்லை, வெள்ளி இல்லை. கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன, இடது பாப்பா பெரிதாக விரிந்து. நாற்பது வருடம் கழித்து அந்த முகம் முதல்முறையாக லண்டன் தெருவில் போகிறவர்களைத் திரும்பிப் பார்த்தது.